பண்டைய கிரேக்கக் கலையும் கட்டடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் கிரேக்கம் என்றால் ஒரு தூண் படம், ஒரு வெள்ளைச் சிலை, சாக்ரடீஸ் குடித்த நஞ்சு. அதோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். சிலைக்கு ஏன் துணி இல்லை, கோயிலுக்குள் என்ன நடந்தது, இதற்கெல்லாம் காசு யார் கொடுத்தது போன்ற கேள்விகள் பிறகுதான் வரும். அப்படி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஏதென்ஸ் நகரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் செலவுக் கணக்கைக்கூடக் கல்லில் வெட்டி வைத்தவர்கள், அதனால் அவர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

எந்தக் காலத்தைப் பற்றிய பேச்சு இது?

ஏறக்குறைய கி.மு. 700 முதல் கி.மு. 31 வரை. பாரசீகர்கள் ஏதென்ஸைக் கொளுத்திய கி.மு. 480 வரை தொல்காலம் என்பார்கள். அங்கிருந்து அலெக்சாந்தர் இறந்த கி.மு. 323 வரை செவ்வியல் காலம். அதன் பிறகு ஆக்டியம் கடற்போரில் கிளியோபாட்ரா தோற்றது வரை ஹெலனிய காலம். கிரீட் தீவின் க்னோசஸ் அரண்மனையும் மைசீனியின் சிங்க வாசலும் இவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. அவற்றுக்குள் இங்கே போகவில்லை.

அப்போது கிரீஸ் என்று ஒரு நாடு கிடையாது. ஒன்றோடொன்று ஓயாமல் மோதிக்கொண்ட நூற்றுக்கணக்கான நகர அரசுகள்தான் இருந்தன. அவை தென் இத்தாலி, சிசிலி, இன்றைய துருக்கியின் மேற்குக் கரை, கருங்கடல் ஓரம் வரை பரவியிருந்தன. அதனால்தான் சிதையாமல் நிற்கும் நல்ல கிரேக்கக் கோயில்கள் சிலவற்றைப் பார்க்க இத்தாலியில் உள்ள பேஸ்டத்துக்கும் அக்ரிஜென்டோவுக்கும் போக வேண்டியிருக்கிறது.

சிலைகள் எல்லாம் வெள்ளைப் பளிங்குதானே?

பளிங்குதான், ஆனால் வெள்ளையாக விட்டுவைக்கவில்லை. கண், உதடு, முடி, உடையின் கரை என எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்டித்தான் நிறுத்தினார்கள்.

பிராசிக்லியா என்ற பெண்ணின் கல்லறைச் சிலை இதற்கு நல்ல சாட்சி. செதுக்கப்பட்டது கி.மு. 550 வாக்கில். ஏதென்ஸுக்கு வெளியே மெரெண்டா என்ற இடத்தில் 1972-ல் குழிக்குள் படுத்த நிலையில் கிடைத்தது. பக்கத்தில் ஓர் இளைஞனின் சிலையும் கிடந்தது. யாரோ வேண்டுமென்றே, பத்திரமாகப் புதைத்திருக்கிறார்கள். வெயிலும் மழையும் படாததால் வண்ணம் தப்பியது. தரை தொடும் சிவப்பு உடை, அதில் வரிசையாகப் பூ வட்டங்கள், கழுத்தில் ஆரம், தலையில் மொட்டும் மலருமாக ஒரு மகுடம், மார்புக்கு நேராகப் பிடித்த இடது கையில் ஒரே ஒரு மொட்டு. அதன் பீடம் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது, அருகிலிருந்த ஒரு தேவாலயத்தின் கட்டுமானத்துக்குள் சொருகிக் கிடந்தது. அதில் வெட்டியிருப்பது இது: நான் என்றைக்கும் கன்னி என்றே அழைக்கப்படுவேன், திருமணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் எனக்குக் கொடுத்த பெயர் அது. பக்கத்தில் சிற்பியின் பெயரும் இருக்கிறது: பரோஸ் தீவின் அரிஸ்டியோன். கல்யாணம் ஆகும் முன் இறந்துபோன மகளுக்கு வீட்டார் மணக்கோலம் பூட்டி நிற்கவைத்த மாதிரி இருக்கிறது அது. வெறும் வெள்ளைக் கல்லாக நின்றிருந்தால் அந்தத் துக்கத்தில் பாதி நமக்கு எட்டியிருக்காது.

இது ஒற்றை உதாரணமும் இல்லை. ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸில் 1886-ல் தோண்டியபோது, பாரசீகர்கள் உடைத்துப்போட்ட கன்னிச் சிலைகள் ஒரே குழியிலிருந்து வெளிவந்தன. அவற்றிலும் நீலமும் சிவப்பும் ஒட்டியிருந்தன. அதே குன்றின் மேல் நிற்கும் பார்த்தனான் கோயிலின் ஐரிஸ் என்ற தெய்வத்தின் சிலை இன்று வெறும் கண்ணுக்கு வெள்ளைதான். 2009-ல் அகச்சிவப்புக் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது அதன் இடுப்புக் கச்சையில் எகிப்திய நீலம் என்ற நிறமி ஒளிர்ந்தது.

பிறகு வெள்ளை என்ற எண்ணம் எப்படி வந்தது?

மண்ணிலும் மழையிலும் வண்ணம் போனது ஒரு காரணம். பதினெட்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்துகொண்டு விங்கல்மான் போன்ற அறிஞர்கள் வெளுத்துப்போன சிலைகளைப் பார்த்து அழகுக்கு இலக்கணம் எழுதியது இன்னொரு காரணம். அந்த ரசனை எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1937-38-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தனான் சிற்பங்களை இன்னும் வெண்மையாக்கவென்று செம்புக் கருவிகளால் சுரண்டியிருக்கிறார்கள். பெரிய சர்ச்சையானது.

இப்போது சில அருங்காட்சியகங்களில் வண்ணம் தீட்டிய மறு உருவங்களை வைக்கிறார்கள். பார்த்தவர்கள் பலர் கொலு பொம்மை போல இருக்கிறதே என்று முகம் சுளிக்கிறார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. கல்லில் மிஞ்சுவது பெரும்பாலும் அடிப்பூச்சு. அதற்கு மேல் ஓவியர் கொடுத்த நிழலும் நுணுக்கமும் அழிந்துபோனவை. ஆகவே மறு உருவம் அசலைவிடத் தட்டையாகத்தான் தெரியும்.

பார்த்தனானுக்குள் மக்கள் கூடி வழிபட்டார்களா?

இல்லை. கிரேக்கக் கோயில் தெய்வத்தின் சிலை இருக்கும் வீடு. வழிபாட்டின் மையமான பலிபீடம் வெளியே, திறந்த வெளியில், பெரும்பாலும் கிழக்கு வாசலுக்கு எதிரே இருக்கும். மாட்டை அறுத்து, தொடை எலும்பையும் கொழுப்பையும் தெய்வத்துக்கென்று நெருப்பில் இடுவார்கள். இறைச்சி கூடியிருப்பவர்களுக்குப் பங்கு. திருவிழா நாளில் அந்தக் குன்றின் மேல் இரத்த வாடையும் புகையும் சமையல் மணமும் கூட்டத்தின் இரைச்சலும் சேர்ந்து இருந்திருக்கும்.

பார்த்தனானில் இன்னொரு விசேஷம். உள்ளே இருந்த, நகரத்தின் காவல் தெய்வமான ஏதீனாவின் சிலை தங்கமும் தந்தமும் போர்த்தது, கிட்டத்தட்ட 12 மீட்டர் உயரம், பிடியாஸ் என்ற சிற்பியின் வேலை. அதில் 40 தாலந்து எடைத் தங்கம் இருந்தது என்றும், தேவைப்பட்டால் கழற்றிக்கொள்ளலாம் என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் மக்களிடம் சொன்னார் என்றும் வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் எழுதுகிறார். நம் கணக்கில் ஆயிரம் கிலோவுக்கு மேல். தெய்வம் போர்த்திக்கொண்டிருந்தது நகரத்தின் அவசரகாலச் சேமிப்பு! பின்புற அறையிலும் விலை உயர்ந்த பொருள்கள் இருந்தன. ஆண்டுதோறும் அவற்றைச் சரிபார்த்துப் பட்டியலைக் கல்லில் வெட்டினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏதென்ஸ்காரர்கள் உண்மையான பக்தியோடு புது ஆடை சாத்தியது இந்தத் தங்க ஏதீனாவுக்கு இல்லை. ஒலிவ மரத்தில் செய்த, மிகப் பழைய சிறு சிலை ஒன்றுக்கு. அதன் இருப்பிடம் பக்கத்திலுள்ள எரெக்தியான் கோயில்.

காசு யார் கொடுத்தது?

கூட்டாளிகள். பாரசீகர்களை எதிர்க்க ஏஜியன் கடல் நகரங்கள் சேர்ந்து ஓர் அணி அமைத்தன. கப்பல் அனுப்ப முடியாதவர்கள் பணம் கட்டினார்கள். அந்த நிதி முதலில் டெலோஸ் தீவில் இருந்தது. கி.மு. 454-ல் ஏதென்ஸுக்கு வந்தது, அதன் பிறகு மெல்ல ஏதென்ஸின் பணமாகவே ஆகிவிட்டது. கி.மு. 447-ல் பார்த்தனான் வேலை தொடங்கியது. 438-ல் சிலையை நிறுவினார்கள், 432-ல் சிற்பங்கள் முடிந்தன. பதினைந்தே ஆண்டுகள். போருக்கென்று வாங்கிய பணத்தில் நகரத்துக்கு நகை பூட்டுகிறீர்கள் என்று உள்ளூரிலேயே எதிர்ப்பு இருந்ததாக வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் பதிவு செய்கிறார். அவர் ஐந்து நூற்றாண்டு கழித்து எழுதியவர், ஆனாலும் அந்த முணுமுணுப்பை நம்புவதில் சிரமம் இல்லை.

கட்டியவர்கள் அடிமைகளா?

அடிமைகளும் இருந்தார்கள். இதைப் பற்றி ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் எரெக்தியான் கோயிலின் கி.மு. 409 முதல் 407 வரையிலான கணக்குக் கல்வெட்டுகள் துண்டு துண்டாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் யார் எவர் என்று அடையாளம் காணக்கூடிய 86 வேலைக்காரர்களில் 24 பேர் குடிமக்கள், 42 பேர் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், 20 பேர் அடிமைகள். வழக்கமான நாள்கூலி ஒரு திராக்மா என்ற வெள்ளிக்காசு, மூன்று தரப்புக்கும் அதேதான். சமத்துவம் என்று மயங்கிவிட வேண்டாம். அடிமையின் கூலி அவனை வைத்திருந்தவரின் கைக்குத்தான் போகும். எஜமானும் அடிமையும் ஒரே தூணில் பக்கத்துப் பக்கத்தில் வரிப்பள்ளம் செதுக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த பகுதி சிற்ப வரிசைக்கான பட்டுவாடா. கருங்கல் நிறப் பின்னணியில் வெள்ளைப் பளிங்கு உருவங்களைத் தனித்தனியாகச் செதுக்கி ஆணி வைத்துப் பொருத்தினார்கள். உருவம் ஒன்றுக்கு 60 திராக்மா. கெபிசியா ஊர் பைரோமாகோஸ், மார்புக் கவசத்தின் அருகே நிற்கும் இளைஞன், 60. ஆன்டிபானிஸ், தேர், இளைஞன், பூட்டப்படும் இரு குதிரைகள், 240. மைனியோன், குதிரையும் அதை அடிக்கும் ஆளும், பிறகு ஒரு தூணும் சேர்த்தார், 127. குதிரைக்கும் ஆளுக்கும் 120, அந்தத் தூணுக்குத் தனியாக ஏழு. உலகமே வியக்கும் கலை அன்றைக்கு உருப்படிக் கணக்கில்தான் நடந்தது, சில்லறை உட்பட.

பார்த்தனானில் நேர்க்கோடே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. கோயிலின் மேடை சுமார் 69.5 மீட்டர் நீளம், 30.9 மீட்டர் அகலம். அது சமதளம் இல்லை. நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கிறது: அகலப் பக்கத்தில் 6 சென்டிமீட்டர் போல, நீளப் பக்கத்தில் 11 சென்டிமீட்டர் போல. மேடையின் ஒரு முனையில் தொப்பியை வைத்துவிட்டு மறுமுனையில் குனிந்து பார்த்தால் தொப்பி தெரியாது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வெளிச்சுற்றிலுள்ள 46 தூண்களும் உள்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கின்றன. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமன். ஒவ்வொரு தூணும் நடுவில் மிக மெல்லிதாகப் பருத்து மேலே குறுகும். இதனால் ஒரு கல்லை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது, எல்லாம் அந்தந்த இடத்துக்கென்று செதுக்கியவை.

ஏன் இத்தனை பாடு? நீண்ட நேர்க்கோடு தூரத்திலிருந்து தொய்ந்தது போல் தெரியும், அதைச் சரிக்கட்டத்தான் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்கிறார். மழைநீர் வடிய என்பவர்களும் உண்டு. கட்டடம் உயிரோடு இருப்பது போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக என்பவர்களும் உண்டு. மூன்றும் சேர்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

எப்படிச் செய்தார்கள் என்பது அதைவிடச் சுவாரசியம். இன்றைய துருக்கியில் டிடிமா என்ற இடத்தில் முடிவடையாத அப்பல்லோ கோயில் ஒன்று இருக்கிறது. 1979-ல் ஹாசல்பெர்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அதன் உட்சுவர்களில் மெல்லிய கீறல்களைக் கவனித்தார். பார்த்தால், கட்டடத்தின் வரைபடங்கள்! சுவரையே வரைபலகையாக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்று தூணின் வரைபடம். அகலம் அசல் அளவிலேயே, உயரம் மட்டும் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கியது. அப்படிச் சுருக்கிய படத்தில் ஒரு வட்டவில்லைப் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் அகலத்தை அளந்து எடுத்துக்கொண்டால் போதும். பல மீட்டர் உயரத்தூணின் நுண்ணிய வளைவு கல்தச்சர் கைக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் சுவரை மெருகேற்றும்போது இந்தக் கீறல்கள் அழிந்திருக்கும். கோயில் முடியவில்லை, அதனால் தப்பின.

பார்த்தனான் பொன் விகிதத்தில் கட்டப்பட்டதாமே?

பொன் விகிதம் என்பது ஏறக்குறைய 1:1.618. இதற்கு அன்றைய ஆதாரம் எதுவும் இல்லை. இணையத்தில் சுற்றும் படங்களில் செவ்வகத்தை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பதை வரைபவரே வசதிப்படி முடிவு செய்கிறார். திரும்பத் திரும்ப உண்மையில் வரும் விகிதம் 4:9. மேடையின் அகலத்துக்கும் நீளத்துக்கும் அதுதான், தூணின் அடி விட்டத்துக்கும் தூண்களின் இடைவெளிக்கும் அதுதான்.

டோரிக், அயோனிக், கொரிந்தியன்: எப்படி அடையாளம் காண்பது?

தூணின் உச்சியைப் பாருங்கள். தட்டையான வட்டத் தலையணையும் அதன் மேல் சதுரப் பலகையும் இருந்தால் டோரிக். தூணுக்குக் கீழே தனி அடிப்பீடமும் இருக்காது. இரண்டு பக்கமும் சுருள் இருந்தால் அயோனிக். முள்ளிலைகள் கொத்தாக முளைத்திருந்தால் கொரிந்தியன். பார்த்தனான் டோரிக், ஆனால் சுத்தமான டோரிக் இல்லை. பின்னறையில் அயோனிக் தூண்கள், உட்சுவரின் மேல் சுற்றிவர அயோனிக் பாணிச் சிற்ப வரிசை.

ஆண் சிலைகள் ஏன் நிர்வாணமாக இருக்கின்றன?

ஓட்டம், மல்யுத்தம், வட்டெறிதல் எல்லாவற்றிலும் ஆண்கள் உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு துணியில்லாமல்தான் கலந்துகொண்டார்கள். பயிற்சிக்கூடத்திலும் அப்படியே. ஆகவே அந்த உடம்பு அவர்களுக்குத் தினமும் பார்க்கும் காட்சி, அதோடு வசதியான குடிமகனுக்கு ஓய்வு நேரம் இருந்தது என்பதற்கு அத்தாட்சி. தெருவில் யாரும் அப்படி நடக்கவில்லை.

தொல்காலத்து இளைஞர் சிலைகள் எகிப்திய நிலையில் நிற்கும்: இடது கால் முன்னே, கைகள் இரு பக்கமும் இறுக்கமாக, எடை இரண்டு காலிலும் சமமாக. கி.மு. 480 வாக்கில் செதுக்கிய கிரிட்டியோஸ் பையன் என்ற சிலையில் ஒரு மாற்றம் வருகிறது. எடை ஒரு காலில் விழுகிறது, மறு கால் தளர்கிறது, இடுப்பு சற்றே சரிகிறது, தலை லேசாகத் திரும்புகிறது. நிற்கும் மனிதன் உண்மையில் நிற்பது அப்படித்தான். பெண் தெய்வத்தை ஆளுயரத்தில் ஆடையின்றி வடிக்க இன்னும் 130 ஆண்டுகள் போல ஆயின. அது கினிடோஸ் நகரத்துக்காகப் பிராக்சிடெலிஸ் செய்த அப்ரோடிட்டி.

நாம் பார்ப்பது அசலா, நகலா?

புகழ்பெற்ற பளிங்குச் சிலைகள் பலவும் ரோமானியர் காலத்து நகல்கள். அசல் வெண்கலம். வெண்கலத்தை உருக்கினால் காசு, ஆயுதம், மணி என்று எதுவும் செய்யலாம், அதனால் பெரும்பாலானவை உருகிப்போயின. சிற்பி பாலிக்லிடோஸின் ஈட்டி ஏந்திய வீரன்கூட நகல்களாகத்தான் நமக்குத் தெரியும். காலுக்குப் பக்கத்தில் அநாவசியமாக ஒரு மரக்கட்டை நின்றால் பளிங்கு நகல் என்று சந்தேகப்படலாம். வெண்கலம் உள்ளே பொள்ளலாக வார்ப்பது, தன்னால் நிற்கும். கனத்த பளிங்குக்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும்.

தப்பிய வெண்கலங்களில் பலவற்றைக் காப்பாற்றியது கடல். 1972-ல் தென் இத்தாலியின் ரியாச்சே அருகே இரண்டு வீரர்கள் கடலடியிலிருந்து கிடைத்தார்கள். உதடும் முலைக்காம்பும் செம்பு, ஒருவரின் திறந்த வாய்க்குள் வெள்ளிப் பற்கள். டெல்பியின் தேரோட்டியைக் காப்பாற்றியது நிலச்சரிவு. பதித்த கண்களும் அவற்றைச் சுற்றிச் செம்புத் தகட்டில் வெட்டிய இமைமயிரும் இன்னும் இருக்கின்றன. ரியாச்சே வீரர்கள் இருக்கும் ரெஜ்ஜோ கலாப்ரியாவிலும், தேரோட்டி இருக்கும் டெல்பியிலும் இவற்றின் எதிரே நின்றவர்களுக்குப் பளிங்கு நகல்கள் அப்புறம் கொஞ்சம் சப்பென்றுதான் தெரியும்.

அந்தக் கறுப்பு சிவப்புப் பானைகளில் கறுப்பு நிறம் என்ன சாயம்?

சாயமே இல்லை. பானையும் கறுப்பும் ஒரே களிமண். ஏதென்ஸ் மண்ணில் இரும்பு அதிகம். அதை நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மிக நுண்ணிய குழம்பை மட்டும் எடுத்து அதால் வரைவார்கள். சூளையில் மூன்று கட்டம். முதலில் காற்றை விட்டுச் சுடும்போது எல்லாம் சிவக்கும். பிறகு காற்றை அடைத்துப் பச்சை விறகு போட்டால் எல்லாம் கறுக்கும், குழம்பு தடவிய இடம் கண்ணாடி போல் இறுகிவிடும். கடைசியாக மறுபடி காற்றை விட்டால் பானையின் உடல் சிவப்புக்குத் திரும்பும். இறுகிய இடத்துக்குள் காற்று நுழையாது, அது கறுப்பாகவே நிற்கும். வெப்பமானி இல்லாமல், 900 டிகிரி பக்கத்தில், நெருப்பின் நிறத்தைப் பார்த்தே செய்த வேலை இது.

முதலில் உருவங்களைக் கறுப்பில் வரைந்து ஊசியால் கீறி நுணுக்கம் காட்டினார்கள். கி.மு. 520-க்குச் சற்று முன்னால் முறையைத் தலைகீழாக்கிப் பின்னணியைக் கறுப்பாக்கி உருவங்களைச் சிவப்பில் விட்டார்கள். தூரிகையால் தசையையும் மடிப்பையும் வரைய வசதி கிடைத்தது.

கறுப்புருவ முறையின் உச்சம் எக்சேகியாஸ் என்ற ஓவியர். வத்திக்கானில் இருக்கும் அவருடைய சாடியில் டிராய் போரின் வீரர்களான அகிலீஸும் ஏஜாக்ஸும் போருக்கு நடுவே உட்கார்ந்து தாயக்கட்டை ஆடுகிறார்கள். இருவரும் குனிந்திருக்கிறார்கள், ஈட்டிகள் தோளில் சாய்ந்தபடி. போர்வையின் பூவேலைகூட மயிரிழைக் கீறலாகத் தெரியும். அகிலீஸின் வாயருகே நான்கு என்று எழுதியிருக்கிறது, ஏஜாக்ஸின் வாயருகே மூன்று. ஏஜாக்ஸ் தோற்கிறான். அகிலீஸின் பிணத்தைச் சுமந்து வரப்போவதும், பிறகு தன் வாளிலேயே விழுந்து சாகப்போவதும் அவன்தான் என்பது சாடியைப் பார்த்த எவருக்கும் தெரியும். வேறெதுவும் எக்சேகியாஸ் சொல்லவில்லை.

இவை அன்றைக்கே விலை உயர்ந்த பொருள்களா?

இல்லை. பணக்காரர்கள் ஆசைப்பட்டது வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும்தான். மண்சாடி என்பது திராட்சை மதுவில் தண்ணீர் கலக்கவும், எண்ணெய் வைக்கவும், இறந்தவரோடு புதைக்கவும். பெருமளவு ஏற்றுமதியும் ஆயின. முழுசாகக் கிடைத்தவை பெரும்பாலும் இத்தாலியின் பழங்குடிகளான எட்ரஸ்கன் மக்களின் கல்லறைகளிலிருந்து வந்தவை. இருந்தாலும் பட்டறைப் போட்டிக்குக் குறைவில்லை. யூதிமிடிஸ் என்ற ஓவியர் தன் சாடி ஒன்றில் யூப்ரோனியோஸால் ஒருநாளும் இப்படி முடியாது என்று எழுதியே வைத்தார். அந்த யூப்ரோனியோஸின் கலயம் ஒன்றை 1972-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் பத்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. கல்லறையிலிருந்து திருடியது என்று தெரிந்து 2008-ல் இத்தாலிக்குத் திருப்பிக் கொடுத்தது.

எபிடாரஸ் அரங்கில் காசு விழும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்குமாமே?

கேட்காது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2017-ல் கருவிகளை வைத்து அளந்து பார்த்தார்கள். குரலெடுத்துப் பேசினால் நன்றாகக் கேட்கிறது, காசும் கிசுகிசுப்பும் கடைசி வரை போவதில்லை. 55 வரிசைகளும் பல்லாயிரம் பேரும் உட்காரும் திறந்தவெளி அரங்கில் பேச்சு தெளிவாகக் கேட்பதே போதாதா?

நாடகம் தெய்வத்துக்கான விழாவின் பகுதி. ஏதென்ஸில் மதுவின் தெய்வமான டயோனிசஸுக்கான வசந்தகாலத்து விழாவில் மூன்று கவிஞர்கள் போட்டியிடுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று சோக நாடகமும், கடைசியில் கூத்தும் கேலியுமாக ஒன்றும் தர வேண்டும். பேசும் பாத்திரங்கள் அனைத்தையும் முகமூடி மாற்றி மாற்றி மூன்றே நடிகர்கள் ஏற்பார்கள், எல்லோரும் ஆண்கள். பாடி ஆடும் குழுவின் செலவை ஒரு பணக்காரர் ஏற்க வேண்டும். அது வரி மாதிரி, கௌரவமும் கூட. கி.மு. 472-ல் சோக நாடகக் கவிஞர் எஸ்கிலஸின் நாடகத்துக்குச் செலவு செய்தவர் இளைஞர் பெரிக்ளிஸ்.

பெண்களின் இடம் என்ன?

ஏதென்ஸில் குடிமகள் ஓட்டுப் போட முடியாது, ஆண் காப்பாளர் இல்லாமல் பெரிய கொடுக்கல் வாங்கல் செய்ய முடியாது. ஸ்பார்டாவில் பெண்களுக்குச் சொந்தமாக நிலம் இருந்தது. லெஸ்போஸ் தீவின் சாப்போவைக் கிரேக்கர்களே தலைசிறந்த கவிகளில் ஒருவராகக் கொண்டாடினார்கள்.

சமயத்தில் மட்டும் ஏதென்ஸ் பெண்களுக்குப் பொது இடம் இருந்தது. ஏதீனாவின் பூசாரி ஒரு பெண். தெய்வத்துக்குச் சாத்தும் ஆடையை நெய்தவர்களும் பெண்கள்தான், அதில் சின்னஞ்சிறு சிறுமிகளும் சேர்ந்தார்கள். பார்த்தனானின் 160 மீட்டர் சிற்ப வரிசை முழுக்கக் குதிரைகளும் தேர்களும் பாய்ந்து வருகின்றன. அத்தனையும் வந்து சேரும் கிழக்கு நடுவிடத்தில் இருப்பதோ மடித்த துணி ஒன்றைக் கையாளும் இருவர். அந்தத் துணி அந்த ஆடைதான் என்பது பெரும்பாலானோர் கருத்து.

பார்த்தனான் எப்படி இடிந்தது? சிற்பங்கள் ஏன் லண்டனில்?

அது தானாக இடியவில்லை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கோயிலாக, பிறகு மாதா தேவாலயமாக, பிறகு மசூதியாகக் கூரையோடு நின்றது. 1687 செப்டம்பர் 26 அன்று, உள்ளே துருக்கியர் வெடிமருந்து சேமித்திருந்தபோது, முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது.

1801 முதல் ஒட்டோமான் பேரரசுக்கான பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைப் பெயர்த்தார்கள். 1816-ல் பிரிட்டிஷ் அரசு 35,000 பவுண்டுக்கு அவற்றை வாங்கியது. அனுமதி இருந்தது என்பது அவர் தரப்பு. காட்டப்படும் ஆவணம் இத்தாலிய மொழிபெயர்ப்பு மட்டுமே, துருக்கிய அசல் கிடைக்கவில்லை. திருப்பித் தர 1963-ம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை என்று லண்டன் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏதென்ஸில் வைக்கத் தகுந்த இடம் இல்லை என்ற பழைய வாதம் 2009-ல் புதிய அக்ரோபோலிஸ் மியூசியம் திறந்ததோடு செத்துப்போனது. 2023-ல் வத்திக்கான் தன்னிடமிருந்த மூன்று துண்டுகளைக் கொடுத்துவிட்டது.

என்னைக் கேட்டால் போக வேண்டியது ஏதென்ஸுக்குத்தான். மேற்கு முகப்பிலிருந்த கடல் தெய்வம் பொசைடனின் உருவத்தில் மார்பின் முன்பகுதி ஏதென்ஸில், தோளும் முதுகும் லண்டனில். ஒரே உடம்பு இரண்டு நாட்டில் கிடப்பதற்கு எந்தச் சட்டமும் நல்ல பதில் இல்லை.

சங்க இலக்கியத்தின் யவனர்கள் இந்தக் கிரேக்கர்கள்தானா?

மொழியால் தொடர்பு உண்டு, காலத்தால் தூரம். யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்புவதை அகநானூறு 149-ம் பாட்டு சொல்வது ரோமப் பேரரசின் வணிகத்தை. அந்தக் கப்பல்களை நடத்திய எகிப்து வணிகர்கள் பலரும் கிரேக்கம் பேசியவர்கள். வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ் ஒப்பந்தம் கிரேக்க மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அரிக்கமேட்டில் கோஸ் தீவு வகை மதுச்சாடி ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு பார்த்தனானையும் நம் கோயில்களையும் முடிச்சுப் போடுபவர்களை நம்ப வேண்டாம்.

நேரில் பார்க்கப் போனால் எதை முதலில் பார்ப்பது?

காலையில் கதவு திறந்ததும் அக்ரோபோலிஸ் குன்று, வெயில் ஏறியதும் கீழே உள்ள மியூசியம். கடும் கோடையில் சில நாள் நண்பகலில் குன்றை மூடிவிடுகிறார்கள், அதனால் மதியத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். மியூசியத்தின் மேல்தளக் கண்ணாடிக் கூடம் பார்த்தனானின் திசையிலேயே அமைந்திருக்கிறது. அசல் சிற்பங்கள் பழுப்பேறிய தேன் நிறத்தில் இருக்கும், லண்டனில் உள்ளவற்றின் இடத்தில் சுண்ண வெள்ளையில் வார்ப்புகள் இருக்கும். பிராசிக்லியாவைப் பார்க்கத் தேசியத் தொல்லியல் மியூசியத்துக்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். பயணம் இப்போதைக்கு இல்லை என்றால் ஆக்ஸ்போர்டின் பீஸ்லி ஆவணக்காப்பகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பானைகளின் விவரங்கள் இலவசமாகவே திறந்து கிடக்கின்றன. எக்சேகியாஸிலிருந்து தொடங்கலாம்.